ஜப்பானில் அயல்நாட்டு இளைஞர் வாழ்க்கை

கல்வி பயிலவும் தொழில் புரியவும் கடல் கடந்து செல்லுதல் இக்காலத்து இளைஞரிடையே பெருவழக்காயிற்று. அவ்வாறு செல்வோர் நாடும் தேசங்களுள் ஜப்பானும் ஒன்று. அந்நாட்டைக் குறித்து நம்மனோர் கேள்வியுற்றிருப்பன சிலவே. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று ஓடத் தொடங்கிய ஷின்கான்ஸென் என்னும் கடுவிரைவு ரயில், நுட்பம் மிக்க இயந்திரங்கள், இளவேனிலிற் பூத்துக் குலுங்கும் ஸகுரா மரங்கள் என்னும் இவற்றையே பலரும் எடுத்துரைப்பர். 1998-ஆம் ஆண்டில் 'முத்து' என்னும் தமிழ்ப் படம் அந்நாட்டிற் பெருவரவேற்புப் பெற்றதைச் சிலர் பெருமிதத்தோடு கூறுவர். இவையெல்லாம் உண்மையே. எனினும், அங்கே சென்று குடியிருக்கும் இளைஞனது அன்றாட வாழ்வு வேறு பொருள்களால் ஆயது. நகராட்சி அலுவலகத்துப் படிவங்கள், ஆறு பாய் விரியும் சிற்றறை, குப்பையை இன்ன நாளில் இன்ன பையில் இடுக என்னும் அட்டவணை, தன் பெயரே தனக்கு அயலாய்த் தோன்றும்படி எழுதப்பட்ட எழுத்து ஆகிய இவற்றோடுதான் அவன் நாள்தோறும் பழகவேண்டும். அங்கு வதிந்த நம்மவர் கூறக் கேட்டும், நாமே ஒருவாறு கண்டும் அறிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்தி உரைப்போம்.

பதிவும் அட்டையும்

ஜப்பான் அரசினர் அயல்நாட்டு மாணவர்க்கு உதவிச்சம்பளம் நல்கும் முறை 1954-இல் தொடங்கிற்று. பள்ளிகளில் ஆங்கிலம் முதலியன கற்பிக்கும் துணையாசிரியராக வெளிநாட்டு இளைஞரை அழைக்கும் ஏற்பாடு 1987-இல் உண்டாயிற்று. 2024-ஆம் ஆண்டு மே முதல் நாட் கணக்கின்படி அங்குப் பயின்ற அயல்நாட்டு மாணவர் 3,36,708 பேர். மாணவரேயன்றிப் பணியாளரும் குடும்பத்தாருமாக அவ்வாண்டிறுதியில் அந்நாட்டில் வதிந்த அயல்நாட்டினர் 37,68,977 பேர். மக்கள் நூற்றுவருள் ஏறக்குறைய மூவர் எனலாம். சீனர், வியட்நாமியர், கொரியர், பிலிப்பினர், நேபாளியர் ஆகியோர் இவருள் மிகுதியானவர்.

மூன்று திங்களுக்கு மேல் தங்குவோர் ஒவ்வொருவர்க்கும் 'ஸைர்யூ' அட்டை என்னும் வதிவு அட்டை தரப்படும். முன்னிருந்த அயலார் பதிவு முறையை நீக்கி 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இதனை ஏற்படுத்தினர். பெயர், தேசம், தங்கும் நோக்கம், காலவரை ஆகியவை அதன்கண் பொறிக்கப்பட்டிருக்கும். பதினாறு வயது நிரம்பியோர் இதனை எப்பொழுதும் உடன்வைத்திருத்தல் சட்டம். குடியிருப்பு ஒன்றில் அமர்ந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகம் சென்று முகவரியை அறிவித்தல் வேண்டும். வீடு மாறினும் மீண்டும் அவ்வாறே அறிவித்தல் வேண்டும். அப்பொழுதே மருத்துவக் காப்பீட்டிலும் மாணவர் சேர்க்கப்படுவர். அதற்கு மாதந்தோறும் சிறு தொகை செலுத்தினால், நோயுற்ற காலத்து மருத்துவச் செலவில் பத்தில் மூன்று கூறே தாம் கொடுக்கவேண்டுவது. இருபது வயது நிரம்பியோர் ஓய்வூதிய நிதியிலும் சேர்தல் கடமை; பொருள் வசதியில்லாத மாணவர் விண்ணப்பித்துச் செலுத்துங் காலத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். இவ்வொழுங்குகள் முதலில் மலைப்பைத் தரும். ஆயினும், இவற்றால் அயலான் ஒருவன் காய்ச்சலாற் கிடக்கும் நாளில் கைவிடப்படாதிருக்கின்றான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயர் படும் பாடு

அலுவலகப் படிவத்தின் முதற் கட்டத்திலேயே தமிழனுக்கு ஓர் இடர் காத்திருக்கின்றது. ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவர். வெளியார் ஒருவரைக் குடும்பப் பெயராலேயே அழைப்பர். நம்மவர்க்கோ குடும்பப் பெயர் என்பதொன்று பெரும்பாலும் இல்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க்குரிய இடத்தில் தந்தையார் பெயரே நிற்கும். ஆதலின், முருகன் மகன் செல்வம் என்பான் அங்கே வகுப்பிலும் வைத்தியசாலையிலும் வங்கியிலும் 'முருகன் ஸான்' என்றே அழைக்கப்படுவன். தந்தையாரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூசும் நாட்டிலிருந்து சென்றவன், நாள்தோறும் பன்முறை அப்பெயர்க்குத் தானே விடையிறுத்தல் வேண்டும்!

எழுத்தாலும் ஒரு மாற்றம் நேரும். அயற்சொற்களை எழுதுதற்கென்றே ஜப்பானியர் 'கதகானா' என்னும் எழுத்துவகை ஒன்று வைத்துள்ளனர். அதில் லகர ரகர வேறுபாடு இல்லை. ழகர ளகரங்கள் இல்லவே இல்லை. 'ன்' ஒழிந்த பிற மெய்கள் சொல்லிறுதியில் நில்லா. எனவே, செல்வம் என்பது 'ஸெருவமு' என்றாகும். முதற்கண் இது நகைப்பைத் தரும். பின்னர்ச் சிறிது வருத்தத்தைத் தரும். ஓராண்டு கழிந்தபின் அவ்வொலியே தன் பெயர் எனச் செவி ஏற்றுக்கொள்ளும்.

உறையுள்

அயல்நாட்டு இளைஞர் எய்தும் இன்னல்களுள் தலையாயது வீடு கிடையாமை. கலாசாலை விடுதியில் இடம் பெற்றோர் நற்பேறு உடையோர். மற்றையோர் வாடகை அறை தேடுங்கால், திரும்பப் பெறும் முன்பணம், வீட்டுக்காரர்க்கு நன்றிக் காணிக்கையாக அளித்துத் திரும்பப் பெறாத பணம், தரகர் கூலி, முதல் திங்கள் வாடகை என நான்கைந்து திங்கள் வாடகைக்கு நிகரான தொகையை முதலிலேயே கொடுக்க நேர்தலும் உண்டு. இவற்றின்மேலும், இவன் வாடகை தவறின் யான் தருவேன் எனப் பிணை நிற்பார் ஒருவர் வேண்டும். நேற்று வந்திறங்கியவனுக்குப் பிணை நிற்பார் யாவர்? ஆதலின், கட்டணம் பெற்றுக்கொண்டு பிணை நிற்கும் கம்பெனிகளை நாடுவர்.

பணமும் பிணையும் இருந்தும் கதவு திறவாமையும் உண்டு. அந்நாட்டு நீதித்துறை அமைச்சின் சார்பில் 2016-ஆம் ஆண்டில் அயல்நாட்டினரிடையே ஒரு விசாரணை நடைபெற்றது. முந்திய ஐந்தாண்டுகளில் வீடு தேடியோருள் நூற்றுக்கு 39 பேர், அயல்நாட்டினர் என்னும் காரணத்தாலேயே தாம் மறுக்கப்பட்டதாகக் கூறினர். இம்மறுப்பு வன்சொல்லாய் வாராது. தரகர் மிக்க பணிவோடு தொலைபேசியில் வீட்டுக்காரரை வினவுவர். பின்னர்த் தலை வணங்கி, 'இவ்வீடு சிறிது கடினம்' என்பர். அப்பணிவே மனத்தை மிகவும் உறுத்தும், சினந்துகொள்ளவும் இடமில்லை. யு. ஆர். என்னும் பொதுக் குடியிருப்புக் கழகத்தார் பிணையும் காணிக்கையும் கேளாமல் வீடு தருகின்றமையால் பலர் அங்கே தஞ்சம் புகுவர்.

அறையின் அளவைப் பாயின் எண்ணால் சொல்லுதல் அவர் மரபு. 'ததாமி' என்னும் பாய் ஒன்று ஏறத்தாழ ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. மாணவர்க்கு வாய்ப்பது பெரும்பாலும் ஆறு பாய் அறை. வாயிலில் மிதியடி கழற்றி ஏறுதல் நமக்குப் புதிதன்று. குளிர்காலமோ நமக்கு முற்றும் புதிது. பல வீடுகளில் அறைதோறும் வெப்பமூட்டும் அமைப்பு இல்லாமையால், அடியில் வெம்மை தரும் கருவி பொருத்தி மெத்தை போர்த்த 'கொதாத்ஸு' என்னும் தாழ்ந்த மேசைக்குள் கால்களை நீட்டிக்கொண்டு படிப்பர்.

இனி, குப்பையின் இலக்கணத்தைக் கூறுவோம். எரிவன, எரியாதன, போத்தல், டப்பா, காகிதம் எனப் பல பிரிவுகள் உள. ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் உரிய நாள் உண்டு. காலைப்பொழுதில் குறித்த மணிக்குள் குறித்த இடத்தில் வைத்தல் வேண்டும். பிளாஸ்டிக் போத்தலாயின் மூடியைக் கழற்றி, மேலொட்டிய தாளை உரித்து, கழுவி வைத்தல் முறை. பகுப்புத் தவறிய பை, காரணங் கூறும் சீட்டு ஒட்டப்பெற்று அவ்விடத்திலேயே கிடக்கும். அயலார் மீது அண்டை வீட்டார்க்குள்ள ஐயப்பாடு பெரும்பாலும் இக்குப்பையிலிருந்தே பிறக்கின்றது. அது தீர்வதும் இதனாலேயே. மூன்று திங்கள் ஒழுங்காகக் குப்பை வைத்த இளைஞனுக்கு எதிர்வீட்டு மூதாட்டி காலை வணக்கம் கூறத் தொடங்குவாள்.

உணவும் போக்குவரத்தும்

ஜப்பானியரும் நம்மைப் போன்று சோறுண்பவரே. ஆயின் அவர்தம் அரிசி குறுகி உருண்டது, வெந்தால் ஒட்டும் இயல்பினது. மரக்கறி உண்போர்க்கு அந்நாடு எளிதன்று. புலால் காணப்படாத குழம்பிலும் உலர்ந்த மீனைச் சீவிக் காய்ச்சிய 'தஷி' என்னும் சாறு கலந்திருக்கும். எனவே, நம்மவர் தாமே சமைத்துண்ணக் கற்றுக்கொள்வர். தோக்கியோ நகரின் கீழ்ப்பால் உள்ள நிஷிகஸாய் என்னும் பகுதியில் இந்தியர் மிகுதியாய் வாழ்கின்றனர். துவரம்பருப்பும் புளியும் மிளகாய்த்தூளும் அங்குள்ள கடைகளிற் கிடைக்கும். 2025-ஆம் ஆண்டின் இளவேனிலில் அரிசி விலை முந்திய ஆண்டினும் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தபோது, ஜப்பானியரும் அயலாரும் ஒருங்கே கவலையுற்றனர்.

இளைஞர்க்கு உற்ற துணையாவது இராப்பகல் திறந்திருக்கும் சிறுகடை. 'கொன்பினி' என்று அதனை வழங்குவர். அவ்வகைக் கடைகளுள் முன்னோடியாகிய ஸெவன் இலெவன் 1974-இல் தோக்கியோவின் தொயொஸுப் பகுதியில் திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் அத்தகைய கடைகள் ஐம்பதினாயிரத்துக்கு மேல் உள. உணவு வாங்கவும் மின்சாரக் கட்டணம் செலுத்தவும் பொதி அனுப்பவும் பணம் எடுக்கவும் அங்கே இயலும். ஊர்தியில் செல்வோர் கைப்பேசியில் உரத்துப் பேசார். ஓசையை அடக்கியே வைத்திருப்பர். ரயில் சிறிது காலந்தாழ்ப்பினும் அலுவலகத்திற் காட்டுதற்கென நிலையத்தார் தாமதச் சான்று தருவர். நள்ளிரவை ஒட்டிக் கடைசி வண்டி சென்றுவிடும். அதனைத் தவறவிட்டோர் வாடகைக் காருக்குப் பெரும்பணம் கொடுத்தல் வேண்டும். ஆதலின், நண்பர் கூட்டம் எத்துணை இனிதாயினும் பதினொன்றரை மணிக்கு யாவரும் கடிகாரத்தை நோக்குவர்.

படிப்பும் பணியும்

கல்வியாண்டு ஏப்ரல் திங்களில் தொடங்கும். வகுப்பினும் மிகுதியாக மாணவரைப் பிணைப்பவை கழகங்களே. அங்கே ஓராண்டு முந்தியவர் 'ஸென்பாய்', பிந்தியவர் 'கோஹாய்'. முந்தியவர் வழிகாட்டுவர், பிந்தியவர் பணிந்து நடப்பர். நம் நாட்டு விடுதிகளில் அண்ணன் தம்பி என்று அழைத்துக்கொள்ளும் முறையை ஒருபுடை ஒத்தது இது.

கைச்செலவுக்கு மாணவர் பகுதிநேரப் பணி புரிவதும் வழக்கம். 'அருபைதோ' என்னும் இப்பெயர் ஜெர்மானியச் சொல்லினின்று பிறந்தது. அயல்நாட்டு மாணவர் இதற்கெனத் தனி அனுமதி பெறுதல் வேண்டும். பெற்றபின்னும் வாரத்துக்கு 28 மணி நேரமே உழைக்கலாம்; நெடிய விடுமுறைக் காலத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை உழைக்கலாம். 2024-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டபோது நாட்டின் சராசரிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,055 யென்னாக இருந்தது. உணவுச்சாலையிலும் கொன்பினியிலும் பணிபுரிவோர் மொழியையும் உடன் கற்பர். மொழி அறியாதோர் இரவிற் சோற்றுப்பொதி செய்யும் தொழிற்சாலைகளில் நின்று, காலையில் வகுப்பில் உறங்குவர். தரகரிடம் பெருங்கடன்பட்டு மொழிப்பள்ளிக்கு வந்தோர் நிலை இரங்கத்தக்கது. 28 மணி நேரத்தைக் கடந்து உழைத்தால் அனுமதி புதுப்பிக்கப்படாது போகலாம். கடவாது உழைத்தால் கடன் தீராது. ஆதலின், 'அங்கே சென்று சம்பாதித்தே படித்துவிடலாம்' என்று ஆசை காட்டுவோர் சொல்லை நம் இளைஞர் ஒருகாலும் நம்பலாகாது.

மொழி

இவ்வனைத்துக்கும் திறவுகோல் மொழியே. ஹிரகானா, கதகானா என்னும் இரண்டும் தனித்தனி 46 அடிப்படை எழுத்துக்களை உடையன. ஓரிரு திங்களில் இவற்றைக் கற்றுவிடலாம். சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துக்களே கடல் போன்றவை. பொதுவழக்குக்கு உரியனவென 2010-இல் அரசினர் வகுத்தவை 2,136.

எழுத்து அரிதாயினும் சொற்றொடரமைப்புத் தமிழர்க்கு எளிது. 'வதஷி வ கினோ மிஸெ நி இத்தெ கொமெ ஒ கத்தா' என்பதைச் சொற்கிடந்தவாறே பெயர்த்தால் 'நான் நேற்றுக் கடைக்குப் போய் அரிசியை வாங்கினேன்' என்றாகும். 'நி' என்பது நம் நான்காம் வேற்றுமையையும், 'ஒ' என்பது இரண்டாம் வேற்றுமையையும் ஒத்து நிற்றல் காண்க. நாம் 'தின்று பார்' என்பதை அவர் 'தபெதெ மிரு' என்பர். 'மிரு' என்பதும் காண்டற்பொருளதே. இது, உது, அது, எது என்னும் நம் பழைய வழக்கு கொரெ, ஸொரெ, அரெ, டொரெ என அங்கே உயிரோடு உலவுகின்றது. இவ்வொற்றுமைகளைக் கண்ட ஸுஸுமு ஓனோ (1919-2008) என்னும் ஜப்பானியப் பேரறிஞர், இருமொழிக்கும் உறவுண்டென நூல்கள் எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவ்வாராய்ச்சியில் உடனுழைத்தனர். மொழிநூலார் பெரும்பான்மையோர் அவ்வுறவை ஏற்றுக்கொண்டிலர். உறவு உண்டோ இல்லையோ, கற்கப் புகும் தமிழ் மாணவனுக்கு இவ்வொப்புமை பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

சொல் கற்றபின் சொல்லாததைக் கற்றல் வேண்டும். ஜப்பானியர் 'இயலாது' என்று நேரே கூறார். 'சொத்தோ' (சிறிது) என்று இழுத்து நிறுத்துவர். எஞ்சியதைக் கேட்போனே உணர்ந்துகொள்ளல் வேண்டும். இரண்டு சொல் பேசியவுடன் 'உமது ஜப்பானிய மொழி மிக நன்று' எனப் புகழ்வர். அப்புகழ்ச்சி நின்று, பேச்சின் பொருளுக்கு விடை வரத்தொடங்கும் நாளிலேயே அவன் மொழி தேறினான் எனக் கொள்ளலாம்.

மொழி அறியாமை உயிர்க்கே இடராதலும் உண்டு. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் விடியலிற் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தால் 6,434 பேர் மாண்டனர். எங்கே செல்வது, நீர் எங்கே கிடைக்கும் என்னும் அறிவிப்புக்கள் கடுமொழியில் இருந்தமையால் அயல்நாட்டினர் பலர் செய்வதறியாது திகைத்தனர். அதன்பின் ஹிரொஸாகி சர்வகலாசாலையைச் சேர்ந்த கஸுயுகி ஸதோ என்னும் பேராசிரியர் முதலாயினோர் 'யஸஷீ நிஹொங்கோ', அஃதாவது எளிய ஜப்பானிய மொழி, என்பதொன்றை வகுத்தனர். தொடர் குறுகியிருத்தல் வேண்டும். கன்ஜிக்கு மேல் ஒலிப்பு எழுதுதல் வேண்டும். அருஞ்சொல்லை விலக்கல் வேண்டும். 'ஹினான்' என்னும் சொல்லுக்கு மாறாக 'தப்பியோடுக' என்றும், 'தன்ஸுய்' என்பதற்கு மாறாக 'நீர் வாராது' என்றும் கூறுவர். 2020-இல் அரசினரே இதற்கு வழிகாட்டி நூல் ஒன்று வெளியிட்டனர். அயலான் மொழி கற்பது போன்றே, அம்மண்ணினரும் அயலானுக்காகத் தம் மொழியை எளிதாக்கிக்கொண்டமை போற்றத்தக்கது.

தனிமையும் நட்பும்

வீடும் வேலையும் மொழியும் கைவந்த பின்னும் தனிமை ஒன்று எஞ்சும். யாவரும் இன்முகம் காட்டுவர். இல்லத்துக்கு அழைப்போர் சிலரே. இத்தனிமையும் இதனை நீக்கும் மருந்தும் பழமையானவை என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம்.

பிற்காலத்தில் லூ ஷுன் எனப் புகழ்பெற்ற சீன எழுத்தாளர், இளைஞராய் 1902-இல் ஜப்பான் சென்று, 1904-இல் ஸென்தாய் நகரத்து மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். உடற்கூறு கற்பித்த கென்குரோ ஃபுஜினோ என்னும் ஆசிரியர், இவ்வயல்நாட்டு மாணவர் தம் விரிவுரைகளைச் சரிவரக் குறித்துக்கொள்கின்றாரோ எனக் கவலைகொண்டு குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். திருப்பிக் கொடுத்தபோது தொடக்கமுதல் இறுதிவரை சிவப்பு மையால் திருத்தியிருந்தார். இலக்கண வழுக்களையும் விட்டிலர். உடன்பயின்றோர் சிலரோ, ஆசிரியர் இவருக்கு வினாக்களை முன்னரே அறிவித்தார் எனப் பழி தூற்றினர். சீனன் ஒருவன் தன் ஆற்றலால் தேறுவானோ என்பது அவர் எண்ணம். 1906-இல் அவர் மருத்துவத்தைத் துறந்து அவ்வூரை நீங்கினார். பிரியுங்கால் ஆசிரியர் தம் படத்தின் பின்புறம் பிரிவின் வருத்தம் தோன்ற எழுதித் தந்தார். இருபதாண்டு கழித்து 1926-இல் லூ ஷுன் அவ்வாசிரியரைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். பீக்கிங் நகரத்துத் தம் அறைச் சுவரில் அப்படத்தை மாட்டியிருந்ததை அதிற் கூறியுள்ளார். இழிவும் அன்பும் ஒரே பள்ளியில், ஒரே காலத்தில் அவரை எதிர்கொண்டன. நெடுநாள் அவருள்ளத்தில் விளக்காய் நின்றது ஆசிரியரது சிவப்பு மை.

இக்காலத்து இளைஞர்க்கும் இதுவே நிகழ்கின்றது. வீடு மறுப்பாரும் உளர். பிணை நிற்க முன்வரும் பேராசிரியரும் உளர். இன்னார் மிகுதி என்று முன்னரே துணிதல் அறிவுடைமையன்று.

ஜப்பான் செல்ல விரும்பும் மாணவர் கருதத்தக்கன மூன்று. புறப்படுமுன் இரண்டு கானா எழுத்துக்களையும் கற்றல் வேண்டும். முதல் ஆறு திங்கட்குப் போதிய பணம், கடனாக அன்றித் தம் கைப்பொருளாகவோ உதவிச்சம்பளமாகவோ இருத்தல் வேண்டும். தங்குவதற்கு இடம் தருவது சர்வகலாசாலையா என்பதை எழுத்தாற் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். செல்லாது இங்கேயே இருப்போர் கருதத்தக்கதும் ஒன்று உண்டு. தமிழ் அறியாத பிற மாநிலத்து மாணவர் நம் விடுதிகளிலும் வந்து சேர்கின்றனர். உணவறை அறிவிப்புப் பலகையை வாசிக்க இயலாமல் அவர் நிற்பதைக் காண்கின்றோம். அப்பலகையை எளிய தமிழில், குறுந்தொடரில் எழுதி, அருகிருந்து ஒருமுறை படித்துக் காட்டுதற்கு ஐந்து நிமிடம் போதும்.